ஒரு பனிப்புயல் கதையின் பயணம்

கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். குளிர்காலத்தில் ஓர் ஊரைப் பனிப்புயல் பிடித்துக்கொள்கிறது. இரண்டு நாள், மூன்று நாள் என்றால் வீட்டுக்குள் அடங்கிக் கிடக்கலாம். இந்தப் புயல் ஓய்வதாகவே இல்லை. வேட்டைக்குப் போக வழியில்லை, சேர்த்து வைத்த உணவு கரைந்துகொண்டே வருகிறது. குனூக்சாயுகா என்ற இளைஞன், காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தத் திசையிலேயே போய்ப் பார்த்துவிடுவது என்று கிளம்புகிறான். எதிர்காற்றில் நெடுந்தூரம் நடந்தபின், கையில் வாய்ச்சியுடன் ஒரு பெரிய மனிதன் பனித்திட்டைக் கொத்திக்கொண்டிருப்பதைக் காண்கிறான். தச்சன் மரத்தைச் செதுக்குவதுபோல் அவன் செதுக்கச் செதுக்கப் பறக்கும் பனித்தூள்தான் ஊரில் புயலாக வீசுகிறது. அந்த வாய்ச்சி உதவாமல் போனதும் புயல் நின்றுவிடுகிறது.

இதில் கெட்டவன் யாரும் இல்லை. பனி வெட்டுகிறவனுக்கு அந்த ஊரின் மேல் கோபமோ வஞ்சமோ கிடையாது. அப்படி ஓர் ஊர் இருப்பதே அவனுக்குத் தெரியுமா என்பது சந்தேகம். அவன் தன் வேலையைப் பார்க்கிறான், அதன் தூசு வேறெங்கோ பட்டினியாக விழுகிறது. காரணம் தெரியாத துன்பத்தில் வீட்டுக்குள் முடங்கியிருக்காமல், காற்றை எதிர்த்து நடந்து அது தொடங்கும் இடத்தைக் கண்டுபிடி என்கிற இந்தக் கதையை நான் படித்த நாட்டார் கதைகளில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்றாக வைப்பேன்.

அலாஸ்காவின் வடபகுதியில் வாழும் இனுப்பியாக் மக்களுடைய கதை இது. இன்று இதை ஒரு வீடியோ கேமாக உலகின் எந்த மூலையிலிருந்தும் விளையாடலாம். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் தன் கண்காட்சி ஒன்றுக்கு அந்த விளையாட்டின் பெயரையே சூட்டியது. ஆற்றங்கரையில் வாய்மொழியாக வாழ்ந்த ஒரு சிறு கதை அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது, வழியில் யார் யாரிடம் கைமாறியது, எதை இழந்தது, எதைப் பெற்றது என்பதைச் சொல்ல வேண்டும். பழங்குடி மக்களின் கதைகள் பயணம் போன வழிகளில் பெரும்பாலானவை கொள்ளைபோன வழிகள். இந்தக் கதை வேறு வழியில் போனது.

அலாஸ்காவின் வடமேற்கில், ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே, மேற்கு நோக்கி ஓடிக் கடலில் கலக்கிறது கோபக் ஆறு. கடற்கரையை ஒட்டிய வெட்டவெளிபோல் அல்லாமல் இங்கே ஊசியிலை மரங்கள் உண்டு. இலையுதிர்காலத்தில் கரிபூ மான்கள் பெருங்கூட்டமாக ஆற்றை நீந்திக் கடக்கும் ‘ஆனியன் போர்ட்டேஜ்’ என்ற இடத்தில், எட்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மனிதர்கள் அவற்றுக்காகக் காத்திருந்த தடயங்கள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. மீன், மான், காட்டுப் பழம் ஆகியவற்றை நம்பிய வாழ்க்கை. குளிர்காலத்தில் சூரியன் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே நாற்பது டிகிரி வரை இறங்கும். அந்த நீண்ட இரவுகள்தாம் கதைகளின் பருவம்.

இனுப்பியாக் மரபில் கதைகள் இரு வகை. சொல்பவரோ அவருக்குத் தெரிந்தவரோ வாழ்ந்து கண்ட நிகழ்ச்சிகள் ஒரு வகை. மிருகங்கள் மனிதராகவும் மனிதர் மிருகமாகவும் மாற முடிந்த பழங்காலத்தவை மற்றொரு வகை. குனூக்சாயுகாவின் கதை இரண்டாவது வகை. இவை குழந்தைகளைத் தூங்க வைக்கும் கதைகள் மட்டும் அல்ல. வானிலையை எப்படிக் கவனிப்பது, பயந்தால் என்ன செய்வது, இறைச்சியை யாரோடெல்லாம் பங்கிடுவது என்பதெல்லாம் இவற்றின் வழியாகவே கற்பிக்கப்பட்டன. ஒரு கதையை எட்டுத் தடவை கேட்ட பிள்ளைக்கு ஒன்பதாவது தடவை அதிலுள்ள ஒரு விவரம் பனிவெளியில் உயிரைக் காப்பாற்றும்.

கோபக் ஆற்றின் மேல்பகுதியில் கறுப்பாற்று மக்கள் என அழைக்கப்பட்டவர்கள் இருந்தார்கள். அவர்களிடையே பெயர்பெற்ற கதைசொல்லி ராபர்ட் நாஸ்ருக் கிளீவ்லாந்து. குனூக்சாயுகாவை அவர் உருவாக்கவில்லை. அவருக்கு முன் எத்தனை தலைமுறை அதைச் சொல்லியது என்று யாராலும் எண்ண முடியாது. ஆனால் நம் கையில் இருக்கும் வடிவம் அவருடையது. எங்கே நிறுத்துவது, எந்தச் சொல்லைத் திரும்பச் சொல்வது என்ற தேர்வெல்லாம் அவருடையவை. நாட்டார் கதை என்றாலே ஆசிரியர் பெயர் கிடையாது என்று நினைத்துவிடுகிறோம். சொன்னவருக்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, வாரிசுகளும் உண்டு. இந்தக் கதையின் பிற்காலப் பயணம் முழுவதும் இந்த ஒரு விஷயத்தை மறக்காதவர்களால் நடந்தது.

நாஸ்ருக்கின் காலத்திலேயே கதைக்கு ஆபத்து வந்துவிட்டது. அலாஸ்காவின் பள்ளிகளில் ஆங்கிலம் மட்டுமே செல்லுபடியானது. தாய்மொழி பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். ஊரில் உயர்நிலைப் பள்ளி இல்லாததால் வளரிளம் பிள்ளைகள் தென்கிழக்கு அலாஸ்காவில் உள்ள மவுண்ட் எட்ஜ்கம்ப் விடுதிப் பள்ளிக்கும், அதையும் தாண்டி ஆரிகன் மாநிலத்தில் உள்ள செமாவா பள்ளிக்கும் அனுப்பப்பட்டார்கள். கதை சொல்லப்படும் பருவம் முழுவதும் கதை கேட்க வேண்டியவர்கள் ஊரில் இல்லை. அடி வாங்கியவர்கள் பெற்றோரானபோது, தம் பிள்ளைகளுக்கு அந்த அடி வேண்டாம் என்று ஆங்கிலத்திலேயே பேசினார்கள். அவர்களைக் குறை சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது. ஆனால் ஒரு மொழி இரண்டே தலைமுறையில் முதியவர்களின் மொழியாகச் சுருங்கிப்போனது. அலாஸ்காவில் இன்று இனுப்பியாக் பேசுவோர் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர்தான். பெரும்பாலோர் வயதானவர்கள்.

இதற்கு எதிரான வேலையும் கூடவே நடந்துகொண்டிருந்தது. இனுப்பியாக் பாதிரியாரான ராய் அமாவகாக், மொழியியலாளர் யூஜின் நைடாவுடன் சேர்ந்து 1946இல் தம் மொழிக்கு எழுத்துமுறை வகுத்தார். 1972இல் அலாஸ்கா பூர்வகுடி மொழி மையம் தொடங்கப்பட்டது. மாலி ஹூட்ச் வழக்கு என்று அறியப்படும் வழக்கில் 1976இல் ஏற்பட்ட உடன்பாட்டால், 126 ஊர்களில் உயர்நிலைப் பள்ளிகள் வரும் வழி திறந்தது. பிள்ளைகள் ஊரிலேயே தங்கிப் படிக்கலாம் என்றானதும் அவர்களுக்குத் தாய்மொழிப் புத்தகங்கள் தேவைப்பட்டன. அந்தத் தேவைதான் நம் கதையை அச்சுக்குக் கொண்டுவந்தது. கறுப்பாற்று மக்களின் கதைகள் என்ற தலைப்பில் நாஸ்ருக் சொன்ன கதைகள் 1980இல் ஆங்கரேஜ் நகரில் நூலாக வந்தன. ரூத் ரமோத்-சாம்ப்சனும் ஏஞ்சலின் நியூலினும் அவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்திருந்தார்கள்.

வாய்மொழிக் கதை அச்சேறும்போது குரல் போய்விடும் என்பது உண்மைதான். கையசைவும், இடையில் விடும் மூச்சும், கேட்பவரின் முகம் பார்த்துச் சேர்க்கும் ஒரு வரியும் தாளில் ஏறுவதில்லை. ஆனாலும் அந்தப் புத்தகம் இல்லையென்றால் அடுத்து நடந்த எதுவும் நடந்திருக்காது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கதை அந்தப் பக்கங்களில் உறங்கியது.

அடுத்த கட்டம் சற்றும் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. ஆங்கரேஜில் இயங்கும் குக் இன்லெட் டிரைபல் கவுன்சில் என்ற அமைப்பு, நகரத்துக்குக் குடிபெயர்ந்த அலாஸ்கா பூர்வகுடிகளுக்கு வேலைப் பயிற்சி, பிள்ளைகளின் கல்வி, குடும்ப நலம், போதை மீட்பு ஆகிய உதவிகளைச் செய்துவருகிறது. அரசு மானியத்தை மட்டும் நம்பியிருக்கும் எந்த அமைப்பும் அரசு மனம் மாறினால் ஆட்டம் காணும். அதன் தலைவர் குளோரியா ஓநீல் சொந்த வருமானத்துக்கு வழி தேடினார். வீடியோ கேம் தயாரிப்பதென்று முடிவெடுத்தார்கள். இளைஞர்கள் இருக்கும் இடம் அதுதான். தாத்தா பாட்டியிடம் உட்கார்ந்து கதை கேட்காத பிள்ளை திரைமுன் மணிக்கணக்கில் உட்காருகிறது என்றால், கதை அங்கே போக வேண்டும். பண வரவும் பண்பாடும் ஒரே முயற்சியில் சேர்ந்தன. கல்விசார் விளையாட்டுகளில் அனுபவம் உள்ள ஈ-லைன் மீடியா நிறுவனத்தைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு, ‘அப்பர் ஒன் கேம்ஸ்’ என்ற பெயரில் கவுன்சில் தன் சொந்த நிறுவனத்தைத் தொடங்கியது. பூர்வகுடி அமைப்பு ஒன்று அமெரிக்காவில் வணிக வீடியோ கேம் நிறுவனத்துக்கு உரிமையாளரானது இதுவே முதல் தடவை.

இது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பது, அதுவரை அந்தத் துறை பூர்வகுடிகளை நடத்திய விதம் தெரிந்தால்தான் புரியும். 1982இல் அட்டாரி கருவிக்காக மிஸ்டிக் என்ற நிறுவனம் வெளியிட்ட ஒரு விளையாட்டில், கட்டிவைக்கப்பட்ட பூர்வகுடிப் பெண்ணை, பூர்வகுடிகளோடு போரிட்ட அமெரிக்கப் படைத்தலைவர் ஜெனரல் கஸ்டர் வன்புணர்வதே விளையாடுபவருக்குத் தரப்பட்ட வேலை. பெண்கள் அமைப்புகளும் பூர்வகுடி அமைப்புகளும் தெருவில் இறங்கிக் கண்டித்தன. அடுத்த பல ஆண்டுகளில் வக்கிரம் குறைந்தாலும் வார்ப்பு மாறவில்லை. இறகுத் தலைப்பாகை, கோடாரி, மாய சக்தி, உடைந்த ஆங்கிலம் என்றே ஓடியது. 2012இல் வந்த ‘அசாசின்ஸ் கிரீட் 3’ ஒரு மாற்றம். அதன் நாயகன் மோஹாக் இனத்தவன். கானவாகே ஊரைச் சேர்ந்தவர்களிடம் ஆலோசனை கேட்டு, மோஹாக் மொழி உரையாடல்களையும் சேர்த்தார்கள். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் அங்கும் பூர்வகுடிகள் ஆலோசகர்களாகவே இருந்தார்கள். கதையும் லாபமும் முடிவும் வேறு ஒருவருடையவை. ஆலோசகர் சொல்வதைக் கேட்கலாம், கேட்காமலும் விடலாம். உரிமையாளர் சொல்வதைக் கேட்டே ஆக வேண்டும். கவுன்சில் உரிமையாளர் நாற்காலியில் உட்கார்ந்தது.

எந்தக் கதை என்பது அடுத்த கேள்வி. விளையாட்டின் எழுத்தாளராக வந்தவர் இஷ்மாயில் ஹோப். இனுப்பியாக், டிலிங்கிட் என்னும் இரு இனங்களின் வழியில் வந்தவர், கவிஞர், மேடைக் கதைசொல்லி. அவருடைய அம்மா எலிசபெத் குட்வின் ஹோப்பும் கவிஞர். சிறுவயதிலிருந்து கதைகளுக்கு நடுவே வளர்ந்த ஹோப்பின் வழியாக, 1980ஆம் ஆண்டுப் புத்தகத்திலிருந்து குனூக்சாயுகா மேசைக்கு வந்தான்.

ஆங்கிலத்தில் அச்சான ஒரு நாட்டார் கதையை எடுத்துப் பயன்படுத்த யாரையும் கேட்க வேண்டியதில்லை என்றுதான் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் நினைப்பார்கள். இவர்கள் நாஸ்ருக்கின் மகள் மின்னி கிரேயைத் தேடிப் போனார்கள். கோபக் ஆற்றங்கரையில் உள்ள ஆம்ப்ளர் ஊர்க்காரர் அவர். இனுப்பியாக் மொழிக் கல்விக்கு நெடுங்காலம் உழைத்தவர். உங்கள் அப்பாவின் கதையை விளையாட்டாக்கலாமா, அதில் சில மாற்றங்கள் செய்யலாமா என்று கேட்டார்கள். அவர் இசைந்தார். கதைசொல்லி மாறும்போது கதையும் ஓரளவு மாறும் என்பது அந்த மரபுக்குப் புதிதல்ல. ஆனால் கேட்காமல் மாற்றுவதும் கேட்டு மாற்றுவதும் ஒன்றல்ல. இந்தப் பயணம் முழுவதிலும் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தச் சந்திப்புதான். சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்திலும் மரியாதை தானாகவே அந்த வீட்டுக் கதவைத் தட்டியது.

மாற்றங்கள் சிறியவை அல்ல. இளைஞன் நூனா என்ற சிறுமியானான். அவளுக்குத் துணையாக ஒரு வெள்ளை ஆர்க்டிக் நரி வந்தது. கோபக் ஆற்றின் மரங்கள் குறைந்து கடற்பனியும் பனிக்கரடியும் திமிங்கிலமும் வந்தன. உள்நாட்டு ஆற்றங்கரையில் பிறந்த கதை வடகடல் ஓரத்துக்கு இடம்பெயர்ந்தது. வேறு ஊர்களில், வேறு குடும்பங்களில் சொல்லப்பட்ட கதைகளிலிருந்து குள்ள மனிதர்களும் ஆந்தை மனிதனும் வானத்து ஒளியில் ஆடும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். அந்த ஒளிப் பிள்ளைகளைப் பற்றி இனுப்பியாக் வீடுகளில் இன்றும் எச்சரிக்கை உண்டு. வடதுருவ ஒளி ஆடும் இரவில் விசிலடிக்காதே, தலையை மூடிக்கொள், இல்லாவிட்டால் அவர்கள் இறங்கி வந்து தலையைப் பறித்துப் பந்தாடுவார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். விளையாட்டில் அந்தப் பச்சை உருவங்கள் நூனாவைத் தூக்கிக்கொண்டு போகப் பாயும்போது, அது வடிவமைப்பாளரின் கற்பனை அல்ல, ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்கு ஊட்டி வளர்த்த பயம் என்று தெரிந்து விளையாடுவது தனி அனுபவம்.

கதைகளை இப்படித் தைத்தது சரியா என்று கேட்கலாம். வெளியிலிருந்து வந்த ஒருவர், ஆர்க்டிக் என்றால் எல்லாம் ஒன்றுதானே என்று கலந்திருந்தால் நான் எதிர்த்திருப்பேன். இங்கே தைத்தவர்கள் அந்தச் சமூகத்தவர்கள். முதியவர்களும் கதைசொல்லிகளும் மற்றவர்களுமாக ஏறத்தாழ நாற்பது பேர் பங்களித்திருக்கிறார்கள். அலாஸ்காவின் வடமுனையில் அப்போது பேரோ என்று அழைக்கப்பட்ட ஊரில், தயாரிப்புக் குழு பெரியவர்களோடும் பள்ளிப் பிள்ளைகளோடும் உட்கார்ந்து பேசியது. மக்கள் வாக்களித்து 2016இல் அந்த ஊர் உட்கியாக்விக் என்ற பழைய பெயருக்கே திரும்பிவிட்டது. கவுன்சிலின் ஏமி ஃபிரெடீன் பண்பாட்டு விஷயங்களுக்குப் பொறுப்பேற்றிருந்தார்.

ஒரு மாற்றத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. நூனாவின் ஊரை எரித்துவிட்டு அவளைத் துரத்தும் ஒரு கொடியவனைச் சேர்த்திருக்கிறார்கள். அவனும் இனுப்பியாக் கதைகளின் வழியில் வந்தவன்தான். ஆனால் நாஸ்ருக்கின் கதையில் அவன் இல்லை. கெட்டவன் இல்லாததுதான் அந்தக் கதையின் ஆழம். துரத்தல் வந்ததும், வழக்கமான சாகச விளையாட்டு ஒன்றின் சாயல் ஒட்டிக்கொள்கிறது. கடைசியில் பனி வெட்டும் ராட்சதன் முன் நிற்கும்போது மட்டும் பழைய கதை தன் முழு உருவத்தோடு திரும்பி வருகிறது. மலைபோன்ற உருவம், அதன் கையில் வாய்ச்சி. அவன் நூனாவைப் பொருட்படுத்துவதுகூட இல்லை. அங்கே நாஸ்ருக் பேசுகிறார்.

விளையாட்டு கதைக்குக் கொடுத்தது என்ன என்பதையும் சொல்ல வேண்டும். காற்று! கேட்கும் கதையில் காற்று வீசியது என்பது ஒரு சொற்றொடர். இங்கே அது விரலுக்கு வருகிறது. புயல் எதிரில் வீசும்போது பொத்தானை அழுத்திக் குனிந்து பனியோடு ஒட்டிக்கொள்ளாவிட்டால் நூனா பின்னால் தூக்கி எறியப்படுவாள். அதே காற்று பின்னாலிருந்து வரும் நொடியைப் பார்த்துத் தாவினால், சாதாரணமாகத் தாண்ட முடியாத பிளவைத் தாண்டலாம். எப்போது அடங்க வேண்டும், எப்போது காற்றைத் துணைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை விளையாடுபவர் உடம்பால் கற்கிறார். வானிலையோடு சண்டை போடாதே, அதைப் படி என்று பெரியவர்கள் சொல்லிவந்த பாடத்தை வசனம் ஏதுமில்லாமல் ஒரு பொத்தான் கற்பித்துவிடுகிறது. நரியும் அப்படியே. அது சுவரில் தாவி ஏறும், சிறு பொந்தில் நுழையும், கண்ணுக்குத் தெரியாத துணை ஆவிகளை வெளிப்படுத்தும். நூனாவோ கயிற்றில் குண்டு கட்டிய எறிகருவியால் பனிக்கட்டியை உடைப்பாள், ஏணி ஏறுவாள். ஒருவர் இல்லாமல் மற்றவர் ஓர் அடி நகர முடியாது. இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்து, ஒருவர் சிறுமியாகவும் ஒருவர் நரியாகவும் விளையாடலாம். விளையாட்டின் இனுப்பியாக் பெயர் ‘கிசிமா இங்கிட்சுங்கா’, நான் தனியாக இல்லை என்று பொருள். ஆங்கிலத்தில் ‘நெவர் அலோன்’.

கதையை நடத்திச் செல்வது ஜேம்ஸ் முமிகன் நாகீக்கின் குரல். வடகரைப் பகுதியைச் சேர்ந்தவர், பல்கலைக்கழகத்தில் இனுப்பியாக் கற்பித்தவர். சிறு வயதில் நாஸ்ருக்கிடம் கேட்ட மிகப் பழைய கதை இது என்று சொல்லித்தான் அந்தக் குரல் தொடங்குகிறது. கதைசொல்லியின் பெயர் முதல் நிமிடத்திலேயே வந்துவிடுகிறது. முழு விளையாட்டிலும் பேசப்படும் கதைமொழி இனுப்பியாக் மட்டுமே. மற்ற மொழிகளெல்லாம் திரையின் அடியில் எழுத்தாக ஓடும். ஆங்கிலக் குரலுக்கு மாற்றிக்கொள்ளும் வசதி கிடையாது. விற்பனையை நினைத்து எவராவது தயங்கியிருக்கக் கூடிய இடம் இது. வகுப்பில் பேசினால் அடி விழுந்த மொழி, வீடியோ கேமில் ஒரே மொழியாக ஒலிக்கிறது. கதை தாளில் தொலைத்த குரல் அதற்குத் திரும்பக் கிடைத்தது. இடைக்காட்சிகளை, வால்ரஸ் தந்தத்தில் கீறிவரையும் இனுப்பியாக் கலையின் கோடுகளில் அமைத்தார்கள். தந்தத்தாலான துளைக்கருவி வில்களில் வேட்டையும் நடனமும் வரிசையாகக் கீறப்பட்டிருக்கும் பழைய பழக்கத்திலிருந்து வந்தது அந்த ஓவிய முறை.

வழியில் ஆங்காங்கே ஆந்தைகள் ஒளிந்திருக்கும். ஓர் ஆந்தையைக் கண்டுபிடித்தால் குறும்படம் ஒன்று திறக்கும். இப்படி 24 படங்கள். அவற்றில் இனுப்பியாக் மக்கள் தங்கள் முகத்தோடும் பெயரோடும் பேசுகிறார்கள். கடற்பனி முன்போல் உறுதியாக இல்லை என்கிறார் ஒருவர். மத்தளம்தான் ஊரின் இதயத்துடிப்பு என்று இன்னொருவர் விளக்குகிறார். தூதர் விருந்து எனப்படும் கிவ்கிக் விழா, எழுபது ஆண்டுகளுக்கும் மேல் நின்றுபோயிருந்து 1988இல் பேரோவில் மீண்டும் நடந்ததைப் பற்றியும் ஒரு படம் உண்டு. இந்தப் படங்கள் விளையாட்டின் ஓட்டத்தைத் தடுக்கின்றன என்று சில விமர்சகர்கள் குறைபட்டார்கள். எனக்கு இவைதான் விளையாட்டின் முதுகெலும்பாகத் தெரிகின்றன. கற்பனைச் சிறுமியைப் பார்த்துப் பரவசப்பட்டுவிட்டு, அவளுடைய மக்கள் எப்போதோ மறைந்துவிட்டவர்கள் என்று யாரும் நினைத்துவிட முடியாதபடி அவை தடுக்கின்றன. ஸ்மார்ட்போன் வைத்திருக்கிற, திமிங்கில வேட்டைக்கும் போகிற, இந்த நூற்றாண்டின் மனிதர்கள் அங்கே பேசுகிறார்கள்.

2014 நவம்பர் 18 அன்று விளையாட்டு வெளியானது. அதே ஆண்டு ஏப்ரலில் இனுப்பியாக் உள்ளிட்ட 20 பூர்வகுடி மொழிகளை மாநிலத்தின் ஆட்சிமொழிகளாக அறிவிக்கும் மசோதாவை அலாஸ்கா சட்டமன்றம் நிறைவேற்றியது. அக்டோபரில் ஆளுநர் கையொப்பமிட்டார். அரசு அலுவலகங்களில் பெரிய மாற்றம் எதையும் அந்தச் சட்டம் கட்டாயமாக்கவில்லை என்றாலும், மொழிக்கு மரியாதை கிடைத்த அதே பருவத்தில் கதையும் உலகுக்குப் போனது.

குறைகளும் இருந்தன. தனியாக விளையாடும்போது கணினி இயக்கும் துணை சில இடங்களில் தவறாகத் தாவிப் பள்ளத்தில் விழும். கட்டுப்பாடுகள் கைக்கு அடங்காத தருணங்கள் உண்டு. மூன்று நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். இவை நியாயமான குறைகள். ஆனாலும் 2015 மார்ச்சில் பிரிட்டிஷ் அகாடமியின் வீடியோ கேம் விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருது இதற்குக் கிடைத்தது. அந்த ஆண்டு ஜூலையில் ‘ஃபாக்ஸ்டேல்ஸ்’ என்ற துணை விளையாட்டு வந்தது. கடற்கரைச் சகோதரர் இருவரைப் பற்றிய இன்னொரு இனுப்பியாக் கதை அதற்கு அடிப்படை. பிறகு கைபேசிகளுக்கும் நின்டெண்டோ ஸ்விட்ச் கருவிக்கும் விளையாட்டு போனது.

2022 செப்டம்பரில் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் வீடியோ கேம்களுக்கான கண்காட்சி ஒன்றைத் திறந்து அடுத்த ஆண்டு ஜூலை வரை நடத்தியது. பேக்-மேன், டெட்ரிஸ், மைன்கிராஃப்ட் என்று உலகமே அறிந்த பெயர்கள் அதில் இருந்தன. கண்காட்சிக்குச் சூட்டிய பெயர் ‘நெவர் அலோன்’. பூர்வகுடிப் பொருட்கள் பெரும்பாலும் கேட்காமல் எடுத்து வரப்பட்டு, செய்தவர் பெயர் இல்லாத சீட்டோடு கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்பட்ட நூற்றாண்டுகளை நினைத்துப் பாருங்கள். இந்தக் கதை சொன்னவரின் பெயரோடும் மகளின் சம்மதத்தோடும் அந்த வாசலில் நுழைந்தது.

வேறு கதைகளும் இதே போன்ற வழிகளில் கிளம்பியிருக்கின்றன. மெக்சிகோவின் ராராமுரி மக்களின் கதைகளைக் கொண்ட ‘முலாக்கா’ 2018இல் வந்தது. தம் நிலத்திலிருந்து விரட்டப்பட்ட அனிஷினாபே மனிதர் ஒருவரின் 1890களின் பயணத்தைச் சொல்லும் ‘வென் ரிவர்ஸ் வேர் டிரெயில்ஸ்’ 2019இல் வந்தது. அதற்கு முப்பதுக்கும் மேற்பட்ட பூர்வகுடி எழுத்தாளர்கள் எழுதியிருக்கிறார்கள். பசிபிக் கடலில் உள்ள நியூ கலிடோனியாவின் பண்பாட்டிலிருந்து ‘சியா’ 2023இல் பிறந்தது. ஒவ்வொன்றுக்கும் தனி வரலாறு எழுத வேண்டும்.

இந்த விளையாட்டை வாங்கவோ பிள்ளைகளுக்கு வாங்கித் தரவோ நினைப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஒலியைக் குறைத்துவிடாதீர்கள், நாகீக்கின் குரலைக் காதால் கேளுங்கள். ஆந்தைகளைத் தாண்டி ஓடிவிடாமல் ஒவ்வொன்றையும் கண்டுபிடித்து 24 படங்களையும் பாருங்கள். பக்கத்தில் இன்னொருவரை உட்கார வைத்து நரியை அவரிடம் கொடுங்கள். முடித்த பிறகு, இந்தக் கதையைச் சொன்னவர் ராபர்ட் நாஸ்ருக் கிளீவ்லாந்து என்று அவரிடம் சொல்லுங்கள்.